ஊற்றுக்குள் இரண்டு பேர்

திருமுக்கூடல்,
வாலாஜாபாத் வழி.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வாசக அன்பருக்கு,

உங்கள் கடிதம் இதழ் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் படிக்கும் உங்கள் மகள், கூடப் படிக்கிற தோழியோடு சேர்ந்து "ஊற்றுக்குள் முங்கப் போகிறோம்" என்று போனில் சொன்னதாகவும், அன்றிலிருந்து வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊற்று என்றால் முழங்கால் ஆழம் இருக்குமா, அதற்குள் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆள் எப்படி இறங்குவது, மகள் எதையோ மறைக்கிறாளோ என்பது உங்கள் கேள்வி.

மறைக்கவில்லை ஐயா. சொன்னது அப்படியே நிஜம். உங்களுக்குத் தனியாகவே எழுதியிருப்பேன். ஆனால் வெளிநாட்டில் பிள்ளை படிக்கிற வீடு இப்போது தெருவுக்கு நாலு இருக்கிறது. அவர்களுக்கும் ஆகட்டும் என்று இதழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். எங்கள் ஊரில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. தண்ணீராகக் கூடுவது மழைக்காலத்தில் கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் மணலாகத்தான் கூடும். அந்த மணலில்தான் நமக்குத் தெரிந்த ஊற்று. கையால் பறித்தால் முதலில் கலங்கலாகச் சுரக்கும், அதை இறைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் தெளிந்து நிற்கும், சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றலாம். ஆற்றுப் படுகையில் வாய்க்கால் பறித்து, மணலுக்குள் ஊறும் நீரை வயலுக்குக் கொண்டுபோன ஊற்றுக்கால்கள் பாலாற்றுக் கரை ஊர்களில் நிறைய இருந்தன. வருஷா வருஷம் ஊர்கூடித் தூர் எடுத்தால்தான் அது ஓடும். மணலை லாரியில் ஏற்றிவிட்ட பிறகு ஊற்று எங்கே இருக்கும்? மணல்தானே அதன் வீடு. இதைச் சொல்ல ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

மணலில் இருக்கும் ஊற்றுக்குள் யாரும் இறங்க முடியாது. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான் நீர் நடக்கிறது. ஃபுளோரிடாவின் கதை வேறு. அந்த மாநிலத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடு இறங்கும். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பல ஆயிரம் வருஷம் தின்றால் பாறைக்குள் ஆள் போகிற அளவுக்குச் சுரங்கம் விழும். சுரங்கம் முழுக்கத் தண்ணீர். அது தரைக்கு வாய் திறக்கும் இடம்தான் அவர்கள் ஊற்று. ஃபுளோரிடாவில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சிலவற்றில் ஒரு ஆறே பிறந்து ஓடுகிறது.

தமிழ் மண்ணிலேயே இதற்கு உறவுக்காரர் உண்டு. யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு என்று ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புப் பாறைதான். பாறை கரைந்து மேல்கூரை இடிந்து விழுந்த பள்ளம் அது. ஆள் வெட்டிய கிணறு அல்ல. இராமர் அம்பு ஊன்றிய இடம் என்றும், அடியே கிடையாது என்றும், அதில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்றும் ஊரார் சொல்வார்கள். அடி உண்டு. ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது, அதன் மேல்மட்டத்தில் நல்ல தண்ணீர் இருக்க, கீழே போகப் போக உப்புத் தண்ணீர் கிடப்பது. உப்புநீர் கனமானது, நல்லநீர் அதன்மேல் ஏறி மிதக்கிறது. குடாநாடு முழுக்கக் கிணற்று நீரைக் குடித்து வாழ்வது இந்தச் சமாதானத்தின் தயவில்தான். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கோர்வைத் தறியில் உட்காருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம். வலது பக்கம் நீங்கள், இடது பக்கம் கரைக்கு நாடா எறிய ஒரு ஆள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா. ஒவ்வொரு ஊடையிலும் இரண்டும் கோத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்க ஆள் எழுந்து போய்விட்டால் நீங்கள் எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும் தறி நின்றுதான் ஆக வேண்டும். ஸ்கூபாவில் கூட வருபவர் அந்த இடப்பக்க ஆள். பேச்சுத் துணைக்கு வருகிறவர் இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் மகள் முதுகில் இருக்கும் அலுமினிய சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் காற்றை அமுக்கி அடைத்திருப்பார்கள். ஆக்சிஜன் என்று நம்மூரில் சொல்கிறார்கள். இல்லை, நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுதான். அதிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக வாய்க்கு வருகிறது. வாயில் கடித்திருப்பது ஒன்று. அதே மாதிரி இன்னொன்று மஞ்சள் நிறத்தில் இடுப்புப் பக்கம் செருகியிருக்கும். அந்த மஞ்சள் அவளுக்கு இல்லை, தோழிக்கு. தோழியின் இடுப்பில் இருக்கிற மஞ்சள் இவளுக்கு. ஒருத்திக்குக் காற்று தீர்ந்தாலோ கருவி மக்கர் செய்தாலோ மற்றவளின் மஞ்சளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கையைப் பிடித்தபடி இரண்டு பேரும் மேலே வர வேண்டும். அதனால்தான் இறங்குவதற்கு முன் ஒருவர் உடம்பில் உள்ள ஒவ்வொரு வாரையும் குழாயையும் மற்றவர் தொட்டுப் பார்க்கிறார். தன்னுடையதைத் தானே பார்த்துக்கொள்வது கணக்கில் வராது.

நான் ஸ்கூபாவைப் புதுச்சேரியில் கற்றேன். முதலில் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் மண்டிபோட வைத்து மூச்சு விடச் சொன்னார்கள். தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்குவது உடம்பில் ஊறிப்போன பழக்கம். பாலாற்று வெள்ளத்தில் முங்கி விளையாடியவனுக்கு அது இன்னும் கெட்டி. ஸ்கூபாவில் முதலில் உடைக்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். ஏனென்றால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் தண்ணீரின் அழுத்தம் ஒரு மடங்கு ஏறுகிறது. 20 மீட்டரில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தரையில் இழுப்பதைப்போல மூன்று பங்கு காற்று இருக்கிறது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இரண்டு ஆள் உயரம்கூட வேண்டாம், நாலைந்து அடி போதும். மூச்சு விட்டுக்கொண்டே இரு, மெதுவாக ஏறு. பாடத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்போது ஒரு கதை. நண்பனோடு ஊற்றுக்குள் ஸ்கூபா இறங்கிய முதல் கதைகளில் ஒன்று, அதுவும் ஸ்கூபாவை உண்டாக்கியவரின் கதை.

பிரான்சின் தெற்கே வோக்ளூஸ் என்று ஒரு ஊற்று. செங்குத்தான சுண்ணாம்பு மலையின் காலடியில் சின்னக் குளம்போல் நிற்கிறது. சோர்க் என்ற ஆறு அங்கேதான் பிறக்கிறது. பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் 14ஆம் நூற்றாண்டில் அதன் பக்கத்தில் குடியிருந்தார். வருஷத்தின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் குளம், திடீரென்று பொங்கி வாய் வழிய ஓடும். எதனால் பொங்குகிறது, எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1878இல் ஒட்டோனெல்லி என்பவர் செம்புத் தலைக்கவசத்தோடு இறங்கி 23 மீட்டர் வரை போய் வந்தார்.

ஜாக் கூஸ்தோ பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1943 வாக்கில் எமில் கக்னான் என்ற பொறியாளரோடு சேர்ந்து, மூச்சு இழுத்தால் மட்டும் காற்று தரும் கருவியைச் செய்தவர். உங்கள் மகள் வாயில் கடிப்பது அதன் பேத்தி. அவருடைய நண்பர் ஃபிரெடெரிக் டூமா. மூச்சடக்கி முங்கி ஈட்டியால் மீன் குத்துவதில் பேர்போனவர். 1946 ஆகஸ்ட் 27 அன்று இருவரும் வோக்ளூஸில் இறங்கினார்கள். இடுப்போடு இடுப்பாக ஒரு கயிற்றால் தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். நுனியில் இரும்பு எடை கட்டிய இன்னொரு கயிறு மேலேயிருந்து வழிகாட்டியாகத் தொங்கியது. அதன் மேல்முனையைப் பிடித்திருந்தவர் மொரீஸ் ஃபார்க். கயிற்றை இத்தனை தடவை இழுத்தால் தளர்த்து, இத்தனை தடவை இழுத்தால் அவசரம், தூக்கு என்று பேசி வைத்திருந்தார்கள்.

45 மீட்டர் அளவில் இரண்டு பேருக்கும் புத்தி மங்கியது. ஆழத்தில் நைட்ரஜனால் ஒருவிதப் போதை வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் இது அந்தக் கணக்கை மீறியது. டூமாவின் உடைக்குள் தண்ணீர் புகுந்து கனத்தது. வாயிலிருந்த குழாய் நழுவியது. கூஸ்தோ கயிற்றைப் பிடித்து, நண்பரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார். அவர் ஒவ்வொரு பிடி பிடித்து இழுக்க, மேலே ஃபார்க் 'தளர்த்தச் சொல்கிறார்கள்' என்று நினைத்து ஒவ்வொரு பிடியாகக் கயிறு விட்டார். ஏற ஏறக் கயிறு கீழே வந்துகொண்டே இருந்தது. தலைக்கு மேலே பாறை, இருட்டு, கையில் தொய்ந்த கயிறு. கடைசியில் ஃபார்க்குக்கே மனம் ஒப்பவில்லை. பேசி வைத்த சமிக்ஞை வரவில்லை. தப்பாக இழுத்தால் நண்பர்கள் திட்டுவார்கள், அவ்வளவுதானே என்று முடிவு செய்து இழுக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் உயிரோடு கரைக்கு வந்தார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. அவர்கள் சிலிண்டரில் காற்று அடைத்த கம்ப்ரசர், தன் என்ஜின் புகையைத் தானே உறிஞ்சி உள்ளே அனுப்பியிருந்தது. இரண்டு பேரும் கார்பன் மோனாக்சைடை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பிரான்சு மறந்துபோய் நம்மூர்க் கிணறுகள்தான் ஞாபகம் வந்தன. நீர்மட்டம் இறங்க இறங்க, பாதிக் கிணற்றில் மேடை கட்டி ஆயில் என்ஜினை உள்ளே இறக்கி ஓட்டிய காலம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புகை மேலே வர வழியில்லாமல் கிணற்றிலேயே தங்கும். என்ஜினை நிறுத்தப் போனவர் திரும்ப மாட்டார். என்ன ஆயிற்று என்று பார்க்கத் தம்பி இறங்குவான். அவனைத் தேடிப் பக்கத்து வயல்காரர். மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிவாதத்தோடு பிடித்துக்கொள்ளும். ஊர் 'கிணறு காவு வாங்கியது' என்று சொல்லும். வோக்ளூஸிலும் கிட்டத்தட்ட அதே பழி ஊற்றின் மேல் விழுந்திருக்கும்.

அதனால் மகளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஊற்று எவ்வளவு ஆழம் என்பதல்ல. காற்று எங்கே அடைக்கிறார்கள் என்பது. ஃபுளோரிடாவில் பழைய, நல்ல கடைகள் இருக்கின்றன. காற்றை அவ்வப்போது சோதனைக்கு அனுப்பிச் சான்று மாட்டி வைத்திருப்பார்கள். சிலிண்டரைத் திறந்து கொஞ்சம் விட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மோனாக்சைடு நாற்றம் அடிக்காது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் எண்ணெய்ப் புகை நாற்றம் காட்டிக்கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம்.

ஃபார்க்கைப் பற்றி இன்னும் ஒரு வரி. அடுத்த வருஷமே, 1947இல், அதே கருவியோடு ஆழ சாதனைக்காக 120 மீட்டர் வரை இறங்கி அவர் இறந்துபோனார். இறங்குகிறவர்களின் பெயரை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. மேலே கயிறு பிடிப்பவரை அவ்வளவாக இல்லை. எங்கள் ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகளோடு நடந்த மருத்துவமனைக்கான ஏற்பாடு அது. வைத்தியரையும் அறுவை செய்பவரையும் எழுதியதோடு கல்வெட்டு நிற்கவில்லை. மருந்து சேகரித்து வருகிறவர்கள், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பின்னால் நிற்பவரை மறக்காத, நிர்வாகம் தெரிந்த ஆட்கள். ஊற்றங்கரையிலும் அப்படி ஒரு ஆள் வேண்டும். மகளும் தோழியும் எங்கே இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு மேலே வருவார்கள் என்று கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதையும் கேளுங்கள்.

அடுத்தது கூரை. ஊற்றில் இறப்பவர்கள் பெரும்பாலும் ஆழத்தால் இறப்பதில்லை. மேலே கூரை இருப்பதால் இறக்கிறார்கள்.

ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றில் சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் தண்ணீரை இறைத்துத்தான் உள்ளே இருக்கும் கல்மண்டபத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். மற்ற நாளில் அந்த மண்டபம் தண்ணீருக்குள் கிடக்கிறது. அப்போது ஒருவர் உத்தரத்துக்குக் கீழே இருக்கிறார் என்று வையுங்கள். மூச்சு முட்டினால் அவர் நேரே மேலே வர முடியாது. தலை கல்லில் இடிக்கும். முதலில் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மேலே. ஊற்றுக் குகையும் அதுதான், இன்னும் நீளமாக, இருட்டாக, கிளை கிளையாக. தரையில் மாவுபோல் வண்டல் படிந்திருக்கும். கால் துடுப்பை ஒரு தடவை அலட்சியமாக அடித்தால் கிளம்பிவிடும். கண்ணாடிபோல இருந்த தண்ணீரில் கண் முன்னால் கையே தெரியாது. வாசல் எந்தப் பக்கம்?

மகள் சொன்ன ஜின்னி ஸ்பிரிங்ஸ் இந்த விஷயத்தில் பேர்போன இடம். சாந்தா ஃபே ஆற்றங்கரையில் இருக்கிறது. வருஷம் பூராவும் தண்ணீர் 22 டிகிரி. அங்கே ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: குகைப் பயிற்சி இல்லாதவர்கள் பொதுவாக டார்ச் எடுத்துப் போகக் கூடாது. முதலில் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். பாதுகாப்புக்கு டார்ச் வேண்டாமா? வேண்டாம். கையில் வெளிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமே என்று தோன்றும். டார்ச் இல்லாவிட்டால் சூரிய வெளிச்சம் எங்கே முடிகிறதோ அங்கே தானாகத் திரும்பிவிடுவார்கள். அங்குள்ள பெரிய நீரறை ஒன்றுக்கு மட்டும் டார்ச் அனுமதி. அதன் கோடியில் குகை தொடங்கும் இடத்தில் இரும்புக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைக்காத குகைகளின் வாசலில் எலும்புக்கூடு படம் போட்ட பலகை நிற்கிறது: இதற்கு மேல் போகாதே. மிகைப்படுத்தி எழுதவில்லை. தேர்ந்த பயிற்சியாளர்கள்கூட அந்த வாசல்களுக்குள் போய்த் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். கடலில் கைதேர்ந்தவன் குகையில் புதியவன்தான்.

இந்த விதிகளுக்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஷெக் எக்ஸ்லி. ஃபுளோரிடாவில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். குகையில் செத்தவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் பிசகினார்கள் என்று அலசி 1979இல் சின்னப் புத்தகமாகப் போட்டார். வாசலிலிருந்து அறுபடாமல் நூல் விட்டுக்கொண்டே போ. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மீதி ஒரு பங்கைத் தொடாதே. அந்த மூன்றாவது பங்கு யாருக்கு என்கிறீர்கள்? கூட வருபவருக்கு. அவர் காற்று தீரும் இடம் உள்கோடியாக இருந்தால், இரண்டு பேர் திரும்புகிற அளவுக்கு ஒருவர் முதுகில் இருக்க வேண்டுமே. அத்தனை கணக்குப் போட்ட எக்ஸ்லியே 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவில் சக்காத்தோன் என்ற நன்னீர்ப் பள்ளத்தில், 300 மீட்டர் ஆழத்தை எட்டும் முயற்சியில் இறந்தார். அதே நாளில் அதே பள்ளத்தில் இறங்கிய ஜிம் பவ்டன் திரும்பி வந்தார். அந்த ஆழத்தில் ஒருவருக்கு ஒருவர் உதவ முடியாது என்று இருவரும் தனித்தனிக் கயிற்றில் இறங்கியிருந்தார்கள். அது வேறு உலகம். உங்கள் மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் எடுத்திருக்கும் முதல்நிலைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர், அதுவும் திறந்த தண்ணீரில்.

இனி அந்தத் தோழி. நெருங்கிய சிநேகிதி, தங்கமான பெண் என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் தண்ணீருக்குள் அது போதாது. சில சமயம் அதுவே இடைஞ்சல். சிநேகிதி முகம் வாடிவிடுமே என்று காது வலியை மறைப்பது, இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தோமே என்று குளிரைப் பொறுத்துக்கொள்வது, அவள் உள்ளே போகிறாளே என்று பின்னாலேயே போவது எல்லாம் பாசத்தில் நடப்பவைதான். குகை முங்குகிறவர்களிடையே ஒரு சட்டம் உண்டு: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் திரும்பலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் போதும். நம்மூரில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்குள் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

புதுச்சேரியில் என்னோடு இறங்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலை, கடல் அபூர்வமாகத் தெளிந்திருந்த நாள், பாறையோரம் மீன் கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவர் என் முன்னால் வந்து கட்டைவிரலை உயர்த்தினார். சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. நானும் உயர்த்தினேன். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றோம், ஏறினோம். படகில் டீ குடித்தோம். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவரோடுதான் இறங்குகிறேன்.

உங்கள் மகளின் தோழி அப்படிப்பட்டவளா என்று நீங்கள் காஞ்சிபுரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மகளிடம் ஒன்று கேட்கலாம்: "நீ பாதியில் வேண்டாம் என்றால் அவள் கோபித்துக்கொள்வாளா?" பதில் சொல்வதற்கு முன் அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று கவனியுங்கள்.

போகாதே என்று சொல்லச் சொல்கிறேனா? இல்லை ஐயா. சொன்னாலும் போவாள், சொல்லாமல் போவது இன்னும் மோசம். அந்த ஊற்றுகளைப் பார்ப்பது பெரும் பாக்கியம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களும் மண்ணும் அங்கே இல்லாததால் தண்ணீர் இருப்பதே தெரியாது என்கிறார்கள் போய்வந்தவர்கள். தலைக்கு மேல் மரக்கிளையின் இலை ஒவ்வொன்றாகத் தெரியுமாம். அடியில் வெள்ளை மணலைத் தண்ணீர் கொதிப்பதுபோல் கிளப்பிக்கொண்டே இருக்கும். நம் பாலாற்று ஊற்றில் மணிக்கட்டு அளவில் பார்ப்பதை அங்கே ஆள் உயரத்தில் பார்க்கலாம். அந்தத் தெளிவில் ஓர் ஆபத்தும் உண்டு, தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றி ஆழம் ஏமாற்றும். கையிலுள்ள மானியைத்தான் நம்ப வேண்டும். கடலில் கற்றவள் என்றால் இடுப்பு ஈயத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் அளவுக்குத் தூக்காது. கடல் கணக்கில் ஈயம் கட்டினால் அடியில் உட்கார்ந்து வண்டலைக் கிளப்புவாள். 22 டிகிரி என்றால் நமக்கு மார்கழி விடியற்காலை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை வெகு வேகமாக உறிஞ்சும். ரப்பர் உடை போடாமல் இறங்கக் கூடாது. சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு இருந்தது என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதை அவள் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினாளா என்று அவசியம் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதிலேயே இதுதான் முக்கியம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள் என்று போட்டிருந்தீர்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறுமுன் உயரே போனால், சோடா மூடியைத் திறந்தால் நுரைப்பதுபோல் உடம்புக்குள் குமிழி கிளம்பும். குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பது கணக்கு. ஒரு முழுநாள் விட்டால் நல்லது.

மாட்டுப் பொங்கலன்று வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு வந்து, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். மகளையும், முடிந்தால் அந்தத் தோழியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.  கோயில் கல்வெட்டுச் சுவரோரம் யாரையாவது கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். அம்மாவை இன்றைக்கே சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் திருமுக்கூடல்காரன்